ஒண்ணரை வயசுல இருந்து அஞ்சு வயசு வரைக்கும்: புள்ளைங்களைப் புள்ளைங்களோட விளையாட விடுறது எப்படி

வீட்ல ஒரே குழந்தை, பக்கத்து ஃப்ளாட் கதவு எந்நேரமும் சாத்தியே இருக்கு, பாப்பாவுக்கு ஒண்ணரை ரெண்டு வயசு ஆகப்போகுது, மத்த புள்ளைங்களோட பழக விடுங்கன்னு எல்லாரும் சொல்றாங்க ஆனா எங்க ஆரம்பிக்கிறதுன்னே தெரியல, இப்படி இருக்குறவங்களுக்காகத் தான் இதை எழுதுறேன். நானும் அங்க இருந்து தான் வந்தேன்.

என் மூத்தவ 2019 கடைசில பொறந்தவ. தவழ்ந்தது, நடந்தது, முதல் வார்த்தை பேசினது எல்லாமே லாக்டவுன்ல, நாலு சுவத்துக்குள்ள, எங்க ரெண்டு பேர் மூஞ்சியை மட்டும் பாத்துட்டு. ரெண்டேகால் வயசுல நிறமெல்லாம் சொல்லுவா, இருபது வரைக்கும் எண்ணுவா, புக்கைத் திறந்தா ஒவ்வொரு மிருகமா பேர் சொல்லுவா, எங்களுக்கும் ரொம்பப் பெருமை. அப்புறம் ஒரு நாள் பார்க்குக்குக் கூட்டிட்டுப் போனா, இன்னொரு குழந்தை வந்து அவ பக்கெட்டைத் தொட்டதும் அப்படியே உறைஞ்சு நின்னுட்டா. இது என்னோடதுன்னு சொல்லத் தெரியல, திருப்பிப் புடுங்கத் தெரியல, அழக்கூட இல்ல. என் மூஞ்சியைப் பாத்தா. நான் வந்து பேசி முடிச்சு வெப்பேன்னு நின்னா.

அன்னைக்குத் தான் எனக்கு உறைச்சுதுங்க. எங்களோட இருக்கும்போது அவ பாதி சொன்னா மீதியை நாங்களே சொல்லிடுவோம். ம்ம்னு கையை நீட்டினா தண்ணி வந்துடும், "அது"ன்னா எதுன்னு எங்களுக்குத் தெரியும். இன்னொரு ரெண்டு வயசுப் புள்ளைக்கு இதெல்லாம் தெரியாது, அதுக்கு அவ்வளவு பொறுமையும் கிடையாது. அதுக்குப் புரியிற மாதிரி சொல்லணும், புரியலேன்னா வேற மாதிரி சொல்லிப் பாக்கணும், அது மனசுல என்ன ஓடுதுன்னு ஊகிக்கணும், தனக்கு உடனே வேணும்கிறதைக் கொஞ்ச நேரம் அடக்கி வெக்கணும். ஃப்ளாஷ் கார்டு வெச்சு உக்காந்து சொல்லிக் கொடுத்தா இந்த வேலை எதுவும் நடக்காது.

சுவிட்சர்லாந்துல குழந்தைங்க எப்படி யோசிக்கிறாங்கன்னு ஆராய்ச்சி பண்ணின பியாஜே இதைப் பத்தி 1932லயே எழுதியிருக்காரு. கோலி விளையாடுற பசங்களைக் கூடவே உக்காந்து பாத்து, விதி எங்க இருந்து வருதுன்னு அவங்களையே கேட்டாரு. பெரியவங்க ஒண்ணு சொன்னா குழந்தை ஏத்துக்கிட்டுப் போயிடும், எதிர்த்துக் கேக்குற தெம்பு அதுக்கு இருக்காது. அதே விஷயத்தை தன் உயரம் இருக்குற இன்னொரு பையன் சொன்னா, இல்லடா அப்படி இல்லன்னு நிக்கும். அப்படி நிக்கும்போது ஏன் இல்லன்னு காரணம் சொல்லியாகணும். அந்தக் காரணம் தேடுற வேலை இருக்கே, அது தான் நமக்கு வேணும்.

அவருக்குப் பின்னாடி ஜெனீவால 1970கள்ல டாய்ஸ், முன்யி, பெரே கிளெர்மோன்னு மூணு பேர் சேர்ந்து இதை சோதனையாவே பண்ணிப் பாத்தாங்க. ஒரே அளவு தண்ணியை அகலமான கிளாஸ்லயும் ஒல்லியான உயர கிளாஸ்லயும் ஊத்தினா ஆறு வயசு வரைக்கும் நிறைய புள்ளைங்க உயரமா இருக்குறதுல தான் நிறைய இருக்குன்னு சொல்லும், நீங்களும் வீட்ல பண்ணிப் பாக்கலாம். அந்த மாதிரி புள்ளைங்களை, சரியா சொல்லத் தெரிஞ்ச புள்ளைங்களோட சேர்த்து உக்கார வெச்சு ஜூஸை சமமாப் பங்கு போட்டுக்கோங்கன்னு விட்டாங்க. சண்டை, வாக்குவாதம் எல்லாம் நடந்துச்சு. தனியா செஞ்ச புள்ளைங்களை விட இவங்க நிறைய பேர் முன்னேறிட்டாங்க. இதுல என்னை ரொம்ப யோசிக்க வெச்சது, அவங்களோட இன்னொரு சோதனைல ரெண்டு புள்ளைங்க சொன்ன பதிலுமே தப்பா இருந்தாக்கூட, ரெண்டும் வேற வேற தப்பா இருந்தா அந்த மோதல்ல ரெண்டும் கத்துக்குதுன்னு வந்தது தான். ஆனா ஒரு புள்ளை மட்டும் சரி நீ சொல்றதே இருக்கட்டும்னு ஒதுங்கிட்டா அதுக்கு ஒண்ணும் ஏறல. இதை மனசுல வெச்சுக்கோங்க, சண்டையைப் பத்திச் சொல்லும்போது இது வேணும்.

சரி இப்ப வேலைக்கு வரலாம்.

முதல்ல வயசைப் பாருங்க

நம்ம பெரிய தப்பே இங்க தான் நடக்கும், ஒண்ணரை வயசுப் புள்ளைங்க ரெண்டு பேரை உக்கார வெச்சுட்டு, சேந்து விளையாடவே மாட்டேங்குதுங்களேன்னு கவலைப்படுவோம். 1932ல மில்ட்ரெட் பார்ட்டன்னு ஒருத்தங்க அமெரிக்கால மின்னசோட்டா பல்கலைக்கழகத்துல நர்சரிப் புள்ளைங்களை கவனிச்சு வரிசைப்படுத்தி வெச்சாங்க: தனியா விளையாடுறது, தள்ளி நின்னு வேடிக்கை பாக்குறது, பக்கத்துல பக்கத்துல உக்காந்து அவங்கவங்க வேலையைப் பாக்குறது, பொருளைக் கொடுத்து வாங்கி விளையாடுறது, அப்புறம் தான் நீ டிரைவர் நான் கண்டக்டர்னு வேஷம் பிரிச்சு சேந்து விளையாடுறது. இது அப்படியே படிக்கட்டு மாதிரி ஏறாது, நாலு வயசுப் புள்ளையும் ஒரு நாள் தனியா உக்காந்து மண்ணை நோண்டும், அதுல தப்பே இல்ல.

தோராயமா, ஒண்ணரை ரெண்டு வயசுல பக்கத்துல உக்காந்து அவங்கவங்க விளையாட்டு. பாக்க ஒண்ணுமே நடக்காத மாதிரி இருக்கும். ஆனா ஒண்ணு என்ன பண்ணுதுன்னு இன்னொண்ணு ஓரக்கண்ணால பாத்துட்டே இருக்கும். 1993ல ஹன்னா, மெல்ட்ஸாஃப்னு ரெண்டு பேர் செஞ்ச ஆய்வுல, 14 மாசக் குழந்தைங்க சிலதுக்கு ஒரு பொம்மையை எப்படி இயக்குறதுன்னு பழக்கி, அதை மத்த குழந்தைங்களைப் பாக்க விட்டாங்க. பாத்த குழந்தைங்க ரெண்டு நாள் கழிச்சு, வேற இடத்துல, வீட்ல வெச்சுக் கொடுத்தப்பக்கூட அதே மாதிரி செஞ்சாங்க. அதனால என் புள்ளை சும்மா வேடிக்கை பாத்துட்டு வந்துடுச்சுன்னு வருத்தப்படாதீங்க. அது வேலை பாத்துட்டுத் தான் வந்திருக்கு.

ரெண்டரைக்கு மேல கொஞ்சம் கொஞ்சமா கொடுத்து வாங்குறது வரும், மூணு வயசுல மத்த புள்ளைங்களைப் பாத்தா கிட்டப் போய் சேந்துக்கப் பாக்கும், நாலு வயசுல நீங்க வேண்டாம்னாலும் கூட்டாளி வீட்டுக்குப் போகணும்னு நிக்கும்.

ஒரே ஒரு புள்ளையைத் தேடுங்க

பர்த்டே பார்ட்டி, மால்ல இருக்குற பிளே ஏரியா இதெல்லாம் ஆரம்பத்துக்கு வேண்டாம். கூட்டம், சத்தம், ஒரு தடவை பாத்த முகத்தை மறுபடி பாக்கவே மாட்டோம். நமக்கு வேணும்கிறது ஒரே முகம், திரும்பத் திரும்ப. வாரத்துக்கு ரெண்டு நாள், அதே புள்ளை, அதே இடம். நேத்து விட்ட இடத்துல இருந்து இன்னைக்கு ஆட்டத்தைப் பிடிக்கும்போது தான் ஞாபகமும் வேலை செய்யும், கதையும் வளரும்.

எங்க தேடுறதுன்னா, மாடிக்குப் போற நேரத்துல, தடுப்பூசி போடப் போன இடத்துல, காய்கறி வண்டி வர்ற நேரத்துல வாசல்ல நில்லுங்க, கண்டிப்பா யாராவது இன்னொரு அம்மாவும் இதே கவலைல நிப்பாங்க. நேரா கேட்டுடுங்க: "ஏங்க, நம்ம புள்ளைங்களைச் செவ்வாக்கிழமை சாயந்திரம் ஒரு அரை மணி நேரம் சேத்து விடலாமா?" எனக்கு இப்படிக் கேக்க ரெண்டு மாசம் ஆச்சு, அவங்க உடனே "நானே கேக்கலாம்னு இருந்தேங்க"ன்னாங்க.

இங்க ஒண்ணு சொல்லியே ஆகணும். எங்க அப்பார்ட்மெண்ட்ல வாட்ச்மேன் வீட்டுப் பையன் ஒருத்தன், ஊரு ஜார்கண்ட், அப்ப மூணு வயசு. அந்தப் புள்ளையோட சேர விடாதீங்க, தமிழே ஒழுங்கா வராதுன்னு ஒருத்தங்க என்கிட்ட வந்து சொன்னாங்க. எனக்கு அன்னைக்கு வந்த கோவம் இன்னும் ஆறல. என் பொண்ணுக்கு முதல் கூட்டாளியே அவன் தான். அவனுக்குத் தமிழ் வராது, இவளுக்கு இந்தி வராது, அதனாலயே ரெண்டு பேரும் கையைக் காலை ஆட்டி, முகத்தைப் பாத்து, ஒரு வார்த்தையை நாலு விதமா சொல்லிப் பாத்து, அவ்வளவு உழைச்சாங்க. நாலே மாசத்துல அவன் "ஏய் இங்க வா"ன்னு கோயமுத்தூர்த் தமிழ் பேச ஆரம்பிச்சுட்டான்.

புள்ளைங்க கூடினா மொழியே உண்டாகும்ங்கிறதுக்கு உலகத்துலயே பெரிய சாட்சி நிகராகுவா தான். அங்க 1977ல தலைநகர் மனாகுவால காது கேளாத புள்ளைங்களுக்கு ஸ்கூல் ஆரம்பிச்சாங்க, அது வரைக்கும் அந்தப் புள்ளைங்க அவங்கவங்க வீட்ல தனித்தனியா இருந்தவங்க. டீச்சருங்க உதட்டசைவைப் படிக்கவும் ஸ்பானிஷ் பேசவும் சொல்லிக் கொடுக்கப் பாத்தாங்க, அது சரியா ஏறல. ஆனா மைதானத்துலயும் ஸ்கூல் பஸ்லயும் புள்ளைங்க தங்களுக்குள்ள கைஜாடைல பேசிப் பேசி ஒரு புது மொழியையே உண்டாக்கிட்டாங்க. பின்னாடி வந்த சின்னப் புள்ளைங்க அந்த ஜாடைக்கு இலக்கணத்தையே கூட்டிட்டாங்க, மொழி ஆராய்ச்சி பண்றவங்க வந்து பாத்துட்டு அசந்து போனாங்க. எந்தப் பெரியவரும் அதைச் சொல்லிக் கொடுக்கல.

அதனால மொழி, வீடு, அப்பா என்ன வேலை இதையெல்லாம் பாத்து வடிகட்டாதீங்க.

நேரமும் சாமானும்

தூங்கி எந்திரிச்சு, வயித்துக்கு ஏதாவது சாப்ட்ட அப்புறம் தான் சேத்து விடணும். பசி, தூக்கம் ரெண்டுல ஒண்ணு இருந்தாலும் அன்னைக்கு அடிதடி தான். ரெண்டு வயசுக்குள்ள அரை மணி நேரம் போதும், மூணு நாலு வயசுன்னா ஒரு மணி நேரம் ஒண்ணரை மணி நேரம் தாங்கும். இன்னும் கொஞ்சம் விளையாடலாம்னு தோணும்போதே நிறுத்திடுங்க, அழுது முடிச்சு அனுப்பினா அடுத்த தடவை அந்தக் கடைசி நிமிஷம் தான் ஞாபகம் வரும்.

சாமான் பத்தி. ரெண்டு வயசுக்குள்ளன்னா எதுவா இருந்தாலும் ரெண்டு ரெண்டா வெயுங்க, ரெண்டு கரண்டி, ரெண்டு டப்பா, ரெண்டு பந்து. குழந்தைக்கு உயிரா இருக்குற பொம்மை, போர்வை இதையெல்லாம் முன்னாடியே பீரோல வெச்சுடுங்க, அதைப் பகிர்ந்துக்கச் சொல்றது நியாயமே இல்ல, உங்க ஃபோனை விருந்தாளிகிட்ட ஒரு மணி நேரம் கொடுத்துடுங்கன்னா நீங்க கொடுப்பீங்களா.

பட்டனை அமுக்கினா பாடுற பொம்மையை எடுத்து உள்ள வெயுங்க. அதை ஒரு புள்ளை அமுக்கும், இன்னொண்ணு பாக்கும், அவ்வளவு தான். எதுவா வேணாலும் மாறுற பொருள் தான் வேணும்: அட்டைப்பெட்டி, பழைய துப்பட்டா, கொட்டாங்குச்சி, சொப்பு சாமான், மணல், ஈர மண். அட்டைப்பெட்டி இன்னைக்கு பஸ், நாளைக்கு ஆஸ்பத்திரி, அதுக்கு அடுத்த நாள் முட்டை போடுற கோழிக்கூடு. எது எதுவா இருக்கணும்னு ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணியாகணும். ரஷ்ய மனவியல் அறிஞர் வைகோட்ஸ்கி 1933ல கொடுத்த ஒரு விரிவுரைல இதைத் தான் விளக்கினாரு, குச்சியைக் குதிரைன்னு வெச்சுக்கிற குழந்தை, கண்ணுல படுற பொருளையும் மனசுல இருக்குற அர்த்தத்தையும் முதல் தடவையா தனித்தனியாப் பிரிக்குது. அது தான் பின்னாடி எழுத்து, கணக்கு எல்லாத்துக்கும் அடி. அதுலயே ரெண்டு சிறுமிங்களைப் பத்திச் சொல்றாரு, அஞ்சு வயசும் ஏழு வயசும், கூடப் பொறந்த அக்கா தங்கச்சி, அவங்க "நாம அக்கா தங்கச்சி விளையாட்டு விளையாடலாம்"னு ஆரம்பிச்சாங்களாம். நிஜத்துல யோசிக்காம இருக்குறதை, விளையாட்டுல அக்கான்னா எப்படி இருக்கணும்னு யோசிச்சு நடக்குறாங்க. எங்க வீட்லயும் அம்மா அப்பா விளையாட்டுல என் பொண்ணு அம்மாவா இருக்கும்போது அவ அதட்டுற அதட்டு, எனக்கே என்னைக் காட்டின மாதிரி இருந்துச்சு.

பத்திரம்: மூணு வயசுக்குள்ள புளியங்கொட்டை, சோழி, பட்டன், காசு எதுவும் கிட்ட இருக்கக் கூடாது, தொண்டைல சிக்கிடும். தண்ணி விளையாட்டுன்னா நீங்க அந்த இடத்தை விட்டு எந்திரிக்கவே கூடாது, அரை பக்கெட் தண்ணி போதும் உயிர் போக. டிவியும் ஃபோனும் ஆஃப். உலக சுகாதார நிறுவனம் 2019ல சொன்னதே ஒரு வயசுக் குழந்தைக்கு ஸ்கிரீன் வேண்டாம், ரெண்டுல இருந்து நாலு வயசுக்கு ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல வேண்டாம்னு. ஆனா நான் சொல்ற காரணம் வேற, டிவி ஓடினா ரெண்டு புள்ளையும் அதைத் தான் பாக்கும், ஒண்ணை ஒண்ணு பாக்காது.

அப்புறம் நீங்க என்ன பண்ணணும்

பக்கத்துல உக்காருங்க. தரைல. கைல வெங்காயமோ கீரையோ வெச்சு ஆஞ்சுட்டே இருங்க, ஏன்னா சும்மா உக்காந்தா வாய் நிக்காது. "பாப்பாவுக்குக் குடு", "தேங்க்யூ சொல்லு", "இது என்ன கலர் சொல்லு"ன்னு நம்ம நடுவுல பூந்தா ரெண்டு புள்ளையும் நம்ம பக்கம் திரும்பிடும், ஆட்டம் போச்சு. புள்ளைங்களுக்குள்ள பேச்சு மெதுவாத் தான் ஓடும், ஒண்ணு கேட்டு இன்னொண்ணு பதில் சொல்ல பத்து செகண்ட் ஆகும், நமக்கு அந்தப் பத்து செகண்டைத் தாங்க முடியாது. தாங்கித் தான் ஆகணும்.

சண்டை வரும்போது

வரும். வரணும். நிறைய பேர் சண்டை வந்த ரெண்டாவது நிமிஷமே தூக்கிட்டு வீட்டுக்குப் போயிடுறாங்க. இன்னும் சில பேர் "அவன் சின்னப் பையன் தானே, நீ விட்டுக் குடு"ன்னு பெருசா இருக்குறதை அடக்கிடுறாங்க. ஜெனீவா சோதனைல பாத்தோமே, ஒண்ணு அடங்கிப் போயிட்டா அதுக்குக் கத்துக்க ஒண்ணும் இல்லாமப் போயிடுது.

நான் பழகிக்கிட்டது இப்படி. கடிக்கிறது, கண்ணுல மண்ணு, கையில கட்டை கல்லு, கழுத்தைப் பிடிக்கிறது, இதுல ஏதாவது வந்தா ஒரு நொடி கூட யோசிக்காம நடுவுல போயிடணும், கையைப் பிடிச்சு நிறுத்திடணும். வெறும் இழுபறி, கத்தல், "என்னோடது என்னோடது"ன்னா மனசுக்குள்ள இருபது எண்ணுங்க. பாதிக்குப் பாதி சண்டை அதுக்குள்ள தானா வேற பக்கம் திரும்பிடும். திரும்பலேன்னா கிட்டப் போய் மண்டி போட்டு உக்காந்து, அந்தப் பொருள் மேல கையை வெச்சு, என்ன நடக்குதுன்னு மட்டும் சொல்லுங்க: "உனக்கும் லாரி வேணும், அவனுக்கும் லாரி வேணும். லாரி ஒண்ணு தான் இருக்கு. இப்ப என்ன பண்ணலாம்?" அவ்வளவு தான். தீர்ப்பு சொல்லாதீங்க, யார் முதல்ல எடுத்ததுன்னு விசாரணை வேண்டாம்.

ரெண்டு வயசுல பதில் வராது, நீங்களே ரெண்டு வழி சொல்லணும், பத்து எண்ணுற வரைக்கும் அவன், அப்புறம் நீ. மூணரை நாலு வயசுல அவங்களே சொல்லுவாங்க பாருங்க, நமக்குத் தோணவே தோணாது. எங்க வீட்ல ஒரு தடவை இதே லாரிச் சண்டை, கேள்வியைக் கேட்டுட்டு நான் வாயைப் பொத்திட்டு உக்காந்திருந்தேன், அந்தப் பையன் ரொம்ப நேரம் யோசிச்சு, லாரியை நடுவுல வெச்சு "நீ மண்ணு போடு, நான் ஓட்டுறேன், அங்க போனதும் நீ கொட்டு"ன்னான். லாரியை மாத்தி மாத்தி வெச்சுக்கலாம்னு தான் நான் நினைச்சேன். அவன் லாரி வேலையையே ரெண்டாப் பிரிச்சுட்டான்.

காய் விடுறது பழம் விடுறது இருக்கே, அதுலயும் தலையிடாதீங்க. கோவத்துக்கு ஒரு விரல், சமாதானத்துக்கு ரெண்டு விரல்னு புள்ளைங்களே வெச்சிருக்குற சட்டம் அது, ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டா தான் செல்லும்.

புள்ளை தள்ளியே நின்னா

"போ போ போய் விளையாடு"ன்னு முதுகுல கையை வெச்சுத் தள்ளாதீங்க. கூட்டம் சேர்றதுக்கு முன்னாடியே போய் உக்காந்துடுங்க, இருக்குற கூட்டத்துக்குள்ள நுழையிறதை விட ஒவ்வொருத்தரா வந்து சேர்றது சின்னப் புள்ளைக்கு லேசு. இன்னொரு விஷயம், "என்னையும் சேத்துக்குவீங்களா"ன்னு கேக்கச் சொல்லித் தான் நாம அனுப்புவோம், அப்படிக் கேட்டா புள்ளைங்க பட்டுன்னு மாட்டேன்னு தான் சொல்லும். நர்சரிகள்ல உக்காந்து கவனிச்சவங்க சொல்றது, கிட்டப் போய் கொஞ்ச நேரம் பாத்துட்டு, அவங்க செய்யிறதையே பக்கத்துல உக்காந்து செய்ய ஆரம்பிக்கிற குழந்தையைத் தான் சீக்கிரம் சேத்துக்குறாங்களாம். அவங்க சோறு ஆக்குறாங்கன்னா உங்க புள்ளை கைல நாலு இலையைக் கொடுத்துப் பக்கத்துல உக்கார வெயுங்க. "கீரை வேணுமா"ன்னு கேட்டு ஆரம்பிச்சுடும்.

பெருசும் சிறுசும் கலந்து

இது எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி. நம்ம ஊர்ல ஆட்டத்துக்கு ஆள் சேக்கும்போது பொடிசு ஒண்ணு வந்து நின்னா விரட்ட மாட்டாங்க, ஒப்புக்குச் சப்பாணின்னு சேத்துக்குவாங்க. அந்த வார்த்தை இப்பக் கேக்க நல்லா இல்ல தான், கால் முடியாதவங்களை வெச்சு வந்த பேச்சு, எங்க வீட்ல நாங்க "ஒப்புக்கு"ன்னு மட்டும் சொல்றோம். ஆனா அந்த ஏற்பாடு எவ்வளவு அருமை பாருங்க. அவுட் ஆனாலும் கணக்கில்ல, ஆனா கூடவே ஓடலாம், வரிசைல நிக்கலாம், எல்லாத்தையும் பாக்கலாம். ஒரு நாள் பெரிய பசங்களே "இனிமே நீயும் நிஜ ஆட்டம்"னுடுவாங்க. குழந்தை தனியா செய்ய முடியாததை, கொஞ்சம் கூடத் தெரிஞ்சவங்க துணையோட செய்ய முடியிற அந்த இடைவெளில தான் வளர்ச்சி நடக்குதுன்னு வைகோட்ஸ்கி சொன்னாரு. நம்ம தெருப் புள்ளைங்க அதை ஆட்டத்துலயே வெச்சிருந்தாங்க.

பெருசுக்கும் லாபம் தான். விதியைச் சின்னதுக்கு விளக்கிச் சொல்லும்போது தான் தனக்கே அது தெளிவாகும். மாண்டிசோரி அம்மையார் 3 வயசுல இருந்து 6 வயசு வரைக்கும் ஒரே வகுப்புல வெச்சதும் இதுக்காகத் தான், அவங்க 1939ல சென்னைக்கு வந்து அடையாறுல டீச்சருங்களுக்குப் பயிற்சி கொடுத்தாங்க. அவ்வளவு தூரம் போக வேண்டாம், உங்க தெரு அங்கன்வாடிலயே எல்லா வயசும் கலந்து தான் உக்காந்திருக்கும். 1975 அக்டோபர் 2ல ஆரம்பிச்ச திட்டம், 3ல இருந்து 6 வயசு வரைக்கும் விளையாட்டோட முன்பருவக் கல்வி உண்டு, நம்ம வீட்ல பால்வாடின்னு சொல்றது அது தான். ஒரு நாள் போய் எட்டிப் பாருங்க. தனியார் பிளே ஸ்கூல் பாக்கப் போனாலும் சுவத்துல ஒட்டியிருக்குற படத்தைப் பாக்காதீங்க, புள்ளைங்க ஒண்ணுக்கொண்ணு பேசிக்கிறாங்களான்னு பாருங்க. எல்லாரும் போர்டைப் பாத்து வாயில விரல் வெச்சு உக்காந்திருந்தா நான் சேக்க மாட்டேன், எவ்வளவு பேர் போன இடமா இருந்தாலும்.

கலந்த வயசுக்கு நம்மகிட்ட இருக்குற ஆட்டமே போதும். மூணு வயசுக்கு கண்ணாமூச்சி. முதல்ல தலையைத் திரைக்குள்ள விட்டுட்டு உடம்பு முழுக்க வெளிய தெரியிற மாதிரி நிக்கும், தனக்குக் கண்ணு தெரியலேன்னா மத்தவங்களுக்கும் தன்னைத் தெரியாதுன்னு நினைப்பு. நாலஞ்சு வயசுக்கு கிச்சு கிச்சு தாம்பாளம். மணலை நீளமாக் கரை கட்டி, சின்னக் குச்சியை உள்ள விட்டு விரலை இப்படியும் அப்படியும் ஓட்டி எங்கயோ ஒளிப்பாங்க, எதிர்ல இருக்குறவங்க குச்சி இருக்குற இடம்னு நினைச்சு கையால பொத்தணும். நல்லா ஒளிக்கிற புள்ளை குச்சியை விட்ட இடத்துக்கு அப்புறமும் விரலை ஓட்டிட்டே போகும். அதாவது எனக்குத் தெரிஞ்சது உனக்குத் தெரியாது, நீ தப்பா நினைக்கிற மாதிரி நான் செய்யலாம்.

இந்த ஒரு எண்ணம் வர்றதுக்குத் தான் மனவியல்ல பெரிய சோதனையே இருக்கு. 1983ல விம்மர், பெர்னர்னு ரெண்டு பேர் ஒரு கதை சொல்லிக் கேட்டாங்க: ஒரு பையன் சாக்லேட்டை ஒரு அலமாரில வெச்சுட்டு வெளிய போறான், அவன் இல்லாதப்ப அம்மா அதை வேற அலமாரிக்கு மாத்திடறாங்க, அவன் வந்து எங்க தேடுவான்? மூணு வயசுப் புள்ளைங்க பெரும்பாலும் மாத்தி வெச்ச இடத்தைத் தான் காட்டும். நாலஞ்சு வயசுல தான் அவன் வெச்ச இடத்துல தேடுவான்னு சொல்ல வரும். 1994ல பெர்னரும் கூட இருந்தவங்களும் பாத்தப்ப, வீட்ல அண்ணன் தம்பி அக்கா தங்கச்சி நிறைய இருக்குற புள்ளைங்களுக்கு இது சீக்கிரம் வருதுன்னு தெரிஞ்சுது. ஒத்தப் புள்ளை வெச்சிருக்குறவங்க பயப்பட வேண்டாம், 1996ல வந்த இன்னொரு ஆய்வுல, நாலு வயசு ஆகப்போற புள்ளைங்க நினைக்கிறேன், தெரியும் இந்த மாதிரி வார்த்தையெல்லாம் அம்மாகிட்ட பேசுறதை விட கூட்டாளிகிட்டயும் கூடப் பொறந்ததுகிட்டயும் தான் அதிகமாப் பேசுதுன்னு வந்திருக்கு. கூட்டாளி இருந்தா போதும்.

வீட்டுக்கு வந்த அப்புறம்

சமத்தா இருந்தியான்னு கேக்காதீங்க, ஆமான்னு ஒரே வார்த்தைல முடிஞ்சுடும். ராத்திரி சோறு ஊட்டும்போது "அவன் ஏன் அழுதான்?", "நீ குச்சியை அங்க வெச்சது அவனுக்குத் தெரியுமா?", "அவன் என்ன நினைச்சுட்டு அங்க போய்ப் பொத்துனான்?" இந்த மாதிரி ஒண்ணு ரெண்டு. பதில் வரலேன்னா விட்டுடுங்க.

எப்ப டாக்டர்கிட்ட போகணும்

ரெண்டு வயசுல பக்கத்துல உக்காந்து தனியா விளையாடுறது, தள்ளி நிக்கிறது, பொம்மையைப் புடுங்குறது இதுக்கெல்லாம் பயப்பட வேண்டியதில்ல. ஆனா ஒரு வயசு ஆகியும் பேர் சொல்லிக் கூப்பிட்டா திரும்பல, ஒண்ணரை வயசாகியும் விரல் நீட்டி ஒரு பொருளைக் காட்டல, மத்த புள்ளைங்க பக்கத்துல இருக்குறதையே கவனிக்கல, பேசிட்டு இருந்த வார்த்தை நின்னு போச்சு, இப்படி ஏதாவது இருந்தா பழகினா சரியாயிடும்னு தள்ளிப் போடாதீங்க. காது கேக்குதான்னு முதல்ல பாப்பாங்க, அப்புறம் வளர்ச்சியைப் பாப்பாங்க. மாவட்ட அரசு ஆஸ்பத்திரில குழந்தைகளுக்கான ஆரம்ப நிலை இடையீட்டு மையம் இருக்கு, காசு கிடையாது. லாக்டவுன் புள்ளை அப்படித் தான் இருக்கும்னு எனக்கும் நிறைய பேர் சொன்னாங்க, நான் காட்டிட்டுத் தான் நிம்மதியானேன், ஒண்ணும் இல்லன்னாலும் போயிட்டு வந்தது நல்லதாத் தான் போச்சு.

இப்ப என் சின்னவனுக்கு ரெண்டரை. போன ஞாயித்துக்கிழமை மாடில பெரிய பசங்க கண்ணாமூச்சி ஆடுறாங்க, இவன் ஒப்புக்கு. அக்கா ஒளிஞ்ச தண்ணித் தொட்டிக்கு முன்னாடியே நின்னு "அக்கா இங்க இல்ல"ன்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டு இருந்தான். வாட்ச்மேன் வீட்டுப் பையன் அவனைத் தூக்கிக்கிட்டு வந்து என் பக்கத்துல உக்கார வெச்சுட்டு, "ஆன்ட்டி, இவனுக்கு இன்னும் கொஞ்ச நாள் ஆகும்"னான்.